இரண்டாம் உலை நின்ற மாதம்

வெளிநாட்டு எஃகுத் தகடுகள் மீதான கூடுதல் வரி அந்த ஆண்டோடு முடிவதாக இருந்தது. மலிவான இறக்குமதியால் இரண்டாம் உலையையே மூடிவிட்டோம், வரியை இன்னும் ஐந்து ஆண்டுகள் நீட்டியுங்கள் என்று உருக்காலை மனுப் போட்டது. அதைச் சரிபார்க்க மறுஆய்வு அலுவலகம் ஒரு பெண் அதிகாரியை அனுப்பியது.

மின்கட்டண ரசீதுகளைப் புரட்டியதுமே அவளுக்கு உறுத்தியது. உலை நின்றது மார்ச்சில். இறக்குமதி கூடியதோ ஆகஸ்டில். ஆலை மேலாளரிடம் ஷிப்ட் பதிவேட்டைக் கேட்டாள். எலி கடித்துவிட்டது என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவர் போன் பேச நகர்ந்ததும் ஃபோர்மேன் அவளை முதல் உலையின் பின்பக்கம் கூட்டிப்போனார். ஓடிக்கொண்டிருந்த உலையின் இரும்புக் கூட்டில் ஒரு விரிசல். அதன் நுனியில் சாக்பீஸ் கோடு.

“ரெண்டாம் உலையும் இப்படித்தான் விட்டுச்சு மேடம். அதனாலதான் நிறுத்தினாங்க. இப்ப ரெண்டோட வேலையையும் இது ஒண்ணே பாக்குது. என் மருமகனும் இங்கதான் நிக்கிறான்.”

எல்லாவற்றையும் அறிக்கையில் எழுதினாள். மார்ச்சும் விரிசலும் இருந்த பக்கத்தை மேலதிகாரி உருவினார். பதிவேடு இல்லாமல் வெறும் மின்ரசீதை வைத்து மார்ச் என்று எப்படி நிரூபிப்பாய் என்றார். விரிசலைப் பற்றிக் கேட்டதற்கு, நம் கையில் இருப்பது வரியை நிறுக்கும் தராசு, உலையை அளக்கும் தெர்மாமீட்டர் இல்லையே என்று சிரித்தார். இரண்டு நாள் மல்லுக்கட்டினாள். மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டாள்.

வரி நீண்டது. ஆலைக்கு ஆர்டர்கள் வந்து குவிந்தன. மூன்றாவது வாரம், காலை பதினொரு மணிக்கு ஃபோர்மேன் போன் செய்தார்.

“கோட்டத் தாண்டி ஒரு முழம் போயிடுச்சு மேடம். மேலாளர் ஓட்டச் சொல்றாரு.”

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். “யாரையும் கேக்காதீங்க. எல்லாரையும் வெளியே கூட்டிட்டுப் போயிடுங்க.”

இருபத்திரண்டு பேரும் வெளியே வந்தார்கள். வாசலில் மேலாளர் ஃபோர்மேனின் பணிநீக்கக் கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தபோதே கூடு பிளந்தது. உருகிய இரும்பு அவர்கள் சற்றுமுன் வரை நின்றிருந்த தளம் முழுக்க ஓடியது.

விசாரணையில் அவளையும் கூப்பிட்டார்கள். விரிசல் உங்களுக்கு முன்பே தெரியுமா என்று கேட்டார்கள். பக்கத்து நாற்காலியில் மேலதிகாரி பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். உருவப்பட்ட பக்கத்தின் நகலை அவள் மேசைமீது வைத்தாள்.

“தெரியும். தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன்.”