புளியமரத்துக்கு இந்தப் பக்கம்

முருகவேல் வந்ததும் செத்துக் கிடந்த தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. போர்த்தியிருந்த புடவையை விலக்கி, அவள் கையைத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினான்.

"இன்னாடா இது, குச்சி மாதிரி? என் தங்கச்சிக்கு சோறு போட்டீங்களா, இல்லியா?"

மனைவி சாலம்மாளின் தலைமாட்டில் நின்ற ஆதிமூலம் புடவையை இழுத்து அந்தக் கையை மூடினான். ஒரு வருஷமாகக் கச்சிராயபாளையத்தில் எல்லாரும் கேட்டதுதான். சாலம்மாள் வீட்டில் மற்றவர்களைவிட அதிகம் சாப்பிட்டாள். சாப்பிட்டதெல்லாம் எண்ணெய் மிதக்க வெளியே போனது. நாக்கு தோலுரிந்து சிவந்தது. பொழுது சாய்ந்தால் கண் தெரியவில்லை. தெருக்காரர்கள் பார்க்கட்டும் என்று அவன் அம்மா பெரியம்மாள் மருமகளை வாசலில் உட்காரவைத்துச் சோறு போட்டாள். நடிக்கிறார்கள் என்றது தெரு.

போன வாரம்தான் கள்ளக்குறிச்சி டாக்டர் ஒருவர் சொன்னார்: "பட்டினி இல்லப்பா. குடலு சத்த இழுக்கல. அபூர்வமா வர்ற நோவு. ரத்தத்துல வைட்டமினே இல்ல. ஒடனே பாண்டிச்சேரிக்குக் கூட்டிக்கினு போ. ஊசி, மாத்திரையிலயே பொழச்சுக்கும்."

பாண்டிச்சேரிக்குப் புறப்பட்ட காரில் சாய்ந்தபடி சாலம்மாள் மாமியாரின் கையைப் பிடித்தாள். "கேட்டீங்களா அத்த? நம்ம மேல தப்பில்லயாம்."

தியாகதுருகம் தாண்டியதும் சாலையை அடைத்துப் புளியமரம் கிடந்தது. இடஒதுக்கீட்டு மறியல். முகம் தெரியாத ஆட்கள். உயிருக்கு ஆபத்து என்று ஆதிமூலம் அவர்கள் காலில் விழுந்தான். "எல்லாரும் இப்டிதான் சொல்றாங்க" என்று காரைத் திருப்பவைத்தார்கள். வீட்டுக்கு வந்து படுத்தவள் எழவேயில்லை.

"பஸ்ஸு ஓடலயே, எப்பிடிப்பா வந்த?" என்று கூட்டத்தில் ஒரு பெரியவர் முருகவேலைக் கேட்டார்.

"நடந்துதான் பெரியப்பா. ரோட்ட அடச்சதே நாங்கதான? தியாகதுருகம் தாண்டி அந்தப் பெரிய புளியமரம், அத சாச்சது நானு. நம்ம புள்ளைங்களாவது ஒரு வேலவெட்டிக்குப் போவட்டும்னுதான்." சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்தான்.

பெரியம்மாள் தலைமயிர் அவிழ எழுந்தாள். "அடப்பாவி, அந்த மரத்தாலதாண்டா..."

"யம்மா." ஆதிமூலம் அவள் தோளை அழுத்தினான். "உள்ள போ."

அவள் மகனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போனாள்.

வாய்க்கரிசி போட அண்ணனைக் கூப்பிட்டார்கள். ஆதிமூலம்தான் தட்டை நீட்டினான். அரிசியை அள்ளிய முருகவேலின் உள்ளங்கையில் கோடாலி பிடித்த கொப்புளங்கள் உடைந்து ஈரமாயிருந்தன. தங்கையின் வாய்மேல் கையைக் கவிழ்த்தான். நாலைந்து மணிகள் விழாமல் புண்ணில் ஒட்டிக்கொண்டன.

ஆதிமூலம் அந்தக் கையைப் பிடித்து, அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து அவள் வாயில் போட்டான்.