கீழ் அறை இன்னும் ரெடியாகல

மார்னிக்கு செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். இடது காதுக்குப் பின்னாடி நரம்புல ஒரு சின்னக் கட்டி. உயிருக்கு ஆபத்தான கட்டி இல்ல, ஆனா எடுத்தே ஆகணும். எடுத்தா அந்தக் காது போயிடும். டாக்டர் சுத்தி வளைக்காம சொல்லிட்டாரு, கொஞ்சமாச்சும் கேக்கும்ங்கற பேச்சே இல்ல, மொத்தமா போயிடும்னு.

அதனால ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவளுக்கு ஒரே ஒரு வேலைதான் பாக்கி. அவ சேந்து பாடற கோயர் குழு போன வருஷம் ஒரு கல்லுச் சர்ச்சுல பாடின பாட்டோட ரெக்கார்டிங், முப்பத்தெட்டு நிமிஷம், அத நடுவுல நிக்காம ரெண்டு காதாலயும் ஒரே ஒரு தடவ கேட்டுடணும்.

ஆனா நாலு நிமிஷம் ஆனா பாட்டு நின்னு, ஸ்க்ரீன்ல லோடிங் வட்டம் சுத்துது.

தம்பி லாக்கிய கூப்பிட்டா. லாக்கிக்கு இந்த மாதிரி விஷயம்னா சோறு தண்ணி வேணாம். லான்செஸ்டன்லேருந்து ரெண்டரை மணி நேரம் வண்டி ஓட்டிக்கிட்டு ஹோபார்ட் வந்து இறங்கினான், ஒரு கையில திங்கறதுக்கு சிப்பிக்கறி அடைச்ச ரெண்டு ஸ்காலப் பை, இன்னொரு கையில ஒரு மூட்டை கேபிள். கேபிளப் பாத்துட்டு மார்னி கேட்டா, பாட்டு கேக்க வந்தியா, வீட்ட கட்டி இழுத்துட்டுப் போக வந்தியான்னு. சின்ன வயசுலேருந்து அவ இப்படித்தான். அவன் ஒண்ண அக்கறையா செஞ்சா அவளுக்கு சிரிப்பு வரும், அதுக்காகவே அவன் இன்னும் கொஞ்சம் அக்கறையா செய்வான்.

வீடு மலைச்சரிவுல இருக்கற பழைய மரவீடு. முன்னாடி பக்கம் ரோட்டோட ஒட்டி இருக்கும், பின்பக்கம் கட்டைக்கால்ல நிக்கும். மார்னி வாடகைக்கு வந்து ஆறு மாசம் ஆகுது. முன்ன இருந்த ஆளுக்கு ஆடியோ பைத்தியமாம், எல்லா அறைக்கும் சுவத்துக்குள்ளயே கேபிள் இழுத்து விட்டிருந்தான். எல்லாம் நடை அலமாரியில இருக்கற சுவிட்சுல வந்து சேரும், எட்டு ஓட்டை உள்ள ஒரு கறுப்புப் பெட்டி, பக்கத்துலயே பாட்ட ஒவ்வொரு அறைக்கும் அனுப்பற ஒரு மெஷின். அதப் பாத்துதான் அவ இந்த வீட்டையே எடுத்தா.

லாக்கி மொதல்ல எல்லாரும் சந்தேகப்படறத சந்தேகப்பட்டான், வைஃபைய. ரவுட்டர் ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்துச்சு, அத வெளிய எடுத்து உசரத்துல வெச்சான். நாலாவது நிமிஷம், வட்டம். சரின்னு வைஃபையே வேணாம்னு கேபிள்ல மாட்டினான். வட்டம். கேபிள மாத்தினான், ஃபைல் இருக்கற லேப்டாப்ப மாத்தினான், கடைசியில சுவிட்சையே கழட்டிட்டு அவன் கொண்டு வந்த புதுச மாட்டிப் பாத்தான். அப்பவும் அதே வட்டம், சரியா நாலு நிமிஷம் ஏழு செகண்டுல.

அவனுக்கு எரிச்சலா வந்துச்சு. தரம் கூடின ஹை-ரெஸ் ஃபைல் பெருசுதான், ஒத்துக்கறான், ஆனா ஒரு படம் பாக்கறத விட அது ஒண்ணும் பெரிய பாரம் இல்ல. இந்தக் கேபிள்ல அந்த மாதிரி நூறு பாட்டு ஓடலாம். தரத்தக் கொறச்சுடவான்னு கேட்டான். மார்னி முறைச்சா. ஹெட்ஃபோன்ல கேக்கறியான்னான். ஹெட்ஃபோன்ல கேட்டா சர்ச்சு காணாமப் போயிடும்டா, நான் இடது கோடியில நின்னேன், அங்கேருந்துதான் நான் வரணும்னு இடது பக்க ஸ்பீக்கரக் காட்டினா. அவ ஒத்தையா பாடற இடம் ஒண்ணு இருக்கு, ஒரே ஒரு வரி. அது எங்க வருதுன்னு அவன் கேக்கல. கேட்டிருக்கலாம்.

அடுத்து பஃபர பெருசாக்கினான். அதாவது பாட்டு வர வர கொஞ்சம் முன்கூட்டியே சேத்து வெச்சுக்கற தொட்டி. ஒரு செகண்ட் அளவு இருந்தத முப்பது செகண்ட் ஆக்கினான். லேப்டாப்புல அந்தத் தொட்டியோட அளவ பாத்துக்கிட்டே உக்காந்தான். நாலு நிமிஷம் ஏழு செகண்ட். பாட்டு நின்னுச்சு. தொட்டி நிறைஞ்சு இருந்துச்சு.

இது அவன் இதுவரைக்கும் பாத்ததில்ல. தொட்டி காலியானாதான வட்டம் சுத்தும். இங்க தண்ணி தளும்ப நிக்குது, குழாய யாரோ மூடறாங்க.

அப்புறம்தான் லாகத் திறந்தான், அந்த மெஷின் தனக்குத்தானே எழுதி வெச்சுக்கற குறிப்பு. அதுல ஒரே வரி திரும்பத் திரும்ப இருந்துச்சு. கூடம்: ரெடி. கீழ் அறை: இன்னும் ரெடியாகல. காத்திருக்கு.

அட இவ்ளோதானான்னு சிரிச்சுட்டான். ரெண்டு அறையில ஒரே பாட்டு ஒரே நேரத்துல பாடணும்னு சேத்து விட்டா, மெதுவா இருக்கற அறை ரெடின்னு சொல்ற வரைக்கும் மத்தது நிக்கும். முன்ன இருந்த ஆள் சேத்து விட்டது அப்படியே கிடக்குது. மூணு மணி நேரமா கேபிள மாத்தினவன் இத மொதல்ல பாக்காம விட்டதுக்கு தன்னத் தானே திட்டிக்கிட்டு, மார்னி, உன்னோட கீழ் அறையில என்ன ஸ்பீக்கர் வெச்சிருக்கேன்னு கேட்டான்.

மார்னி அவன ஒரு மாதிரி பாத்தா.

"கீழ் அறையே கிடையாதுடா. கீழ வெறும் மண்ணு."

மெஷினோட அறைப் பட்டியல்லேருந்து அத நீக்கினான். பாட்டு ஆரம்பிச்சதும் அது திரும்ப வந்து ஒட்டிக்கிச்சு. மறுபடி நீக்கினான், மறுபடி வந்துச்சு. சுவிட்சுல எட்டாவது ஓட்டையோட விளக்கு மட்டும் படபடன்னு மின்னிக்கிட்டிருந்துச்சு, தரவு ஓடறப்ப மின்னுமே அந்த மாதிரி. அந்தக் கேபிளத் தொட்டு தொட்டு அவன் பின்னாடியே போனப்ப, அது அலமாரித் தரையில இருந்த ஒரு ஓட்டை வழியா கீழ இறங்குச்சு.

டார்ச் எடுத்துக்கிட்டு வீட்டுக்கு அடியில குனிஞ்சு போனான். வெளிய நல்ல வெயில், பக்கத்து வீட்டு ரேடியோவுல ஃபுட்பால் கமென்ட்ரி. உள்ள வந்ததும் அந்த சத்தம் டக்குனு அடங்கிடுச்சு, கதவு எதுவும் இல்லாமலே. கேபிள் ஒரு கட்டைக்கால சுத்திக்கிட்டு வந்து, அவன் முழங்கை உசரத்துல முடிஞ்சுது. எதுலயும் மாட்டல. வெட்டி விட்டிருந்துச்சு. எட்டு செம்புக் கம்பியும் பளபளன்னு, இன்னைக்குக் காலையில வெட்டின மாதிரி.

அதுக்கு நேர் கீழ, மண்ணு ஒரு இடத்துல மட்டும் வழவழன்னு அமுங்கி இருந்துச்சு. சுத்தி எல்லாம் சருகும் தூசியும். அந்த இடத்துல மட்டும் ஒருத்தர் ரொம்ப நாளா உக்காந்து உக்காந்து எழுந்த மாதிரி. பாஸம் ஏதாச்சும் படுத்திருக்கும், பூனை அளவு இருக்கற அந்த மரப்பிராணிங்கதான் எல்லா வீட்டுக்கு அடியிலயும் குடித்தனம் பண்ணுதேன்னு சொல்லிக்கிட்டான். தலைக்கு மேல பலகையத் தட்டிப் பாத்து, எந்த இடம்னு கணக்குப் போட்டான். இடது பக்க ஸ்பீக்கர்.

மேல வந்து, கேபிள் வெட்டிக் கிடக்குதுன்னு மட்டும் சொன்னான். மண்ணப் பத்தி சொல்லல. மூஞ்சி ஏன் இப்படி இருக்குன்னு மார்னி கேட்டதுக்கு, கீழ ஒட்டடைன்னான். எட்டாவது ஓட்டையிலேருந்து கேபிளப் புடுங்கினான். விளக்கு அணைஞ்சுது.

பாட்டப் போட்டான். நாலு நிமிஷம் தாண்டுச்சு. நிக்கல. அஞ்சு நிமிஷம். அவன் ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு, ஜெயிச்ச பசங்க மாதிரி திரும்பினான். மார்னி சிரிக்கல.

"நான் இல்ல, லாக்கி."

"என்ன இல்ல?"

"எல்லாரும் பாடறாங்க. என் வரி வந்துச்சு, போச்சு. நான் மட்டும் இல்ல."

பின்னாடி ஓட்டிக் கேட்டான். நாலு ஏழுல கோயர் மொத்தமும் சட்டுனு அடங்குது. அங்க ஒரு குரல் வரணும். சர்ச்சோட சத்தம் மட்டும் வருது, பெஞ்சு முனகறது, யாரோ தாள் திருப்பறது. அப்புறம் எல்லாரும் சேந்துக்கறாங்க, பாடி முடிச்ச ஒருத்திக்குப் பதில் சொல்ற மாதிரி.

ஃபைல் கெட்டுப் போச்சான்னு நேரா லேப்டாப்புல ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டான். இருக்கா. தெளிவா, இடது பக்கத்துல, லேசா நடுக்கத்தோட மார்னி இருக்கா. ஸ்பீக்கர்ல விட்டா இல்ல. இடது பக்க ஸ்பீக்கர் கெட்டுடுச்சான்னா, மத்தவங்க எல்லாம் அதுலதான் பாடறாங்க. எட்டாவது கேபிளத் திரும்ப சொருகினான். நாலு ஏழுல நின்னுச்சு. வட்டம் சுத்துச்சு. ஒரு நிமிஷத்துக்குக் கிட்ட காத்திருந்தப்புறம் மார்னி பாடினா.

லாக்கி சட்டுனு எழுந்தான். வேற மெஷின் கொண்டு வரேன், நாளைக்கே கடைக்குப் போறேன், எல்லாத்தையும் புதுசா மாட்டலாம்னு வேகமா பேசிக்கிட்டே போனான். மார்னிக்கு நாளைக்கு ஆஸ்பத்திரியில அட்மிஷன். ரெண்டு பேருக்கும் அது தெரியும்.

அவ தரைய ஒரு தடவ பாத்தா. அப்புறம் எழுந்து போய் நாற்காலிய ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல சரியா போட்டு உக்காந்தா.

"கேபிள் இருக்கட்டும். மொதல்லேருந்து போடு."

"நிக்கும், மார்னி."

"நிக்கட்டும். அதுக்கும் கேக்கணும் போல. காத்திருப்போம்."

யாருக்குன்னு அவன் கேக்கல. போட்டான். நாலு ஏழுல மட்டுமில்ல, மொத்தம் ஒம்போது இடத்துல நின்னுச்சு. ஒவ்வொரு தடவையும் அவ கண்ண மூடிக்கிட்டு, விருந்தாளி கை கழுவிட்டு வர வரைக்கும் தட்டத் தொடாம இருக்கற மாதிரி இருந்தா. அவன் மட்டும் தரைப் பலகைய பாத்துக்கிட்டு, கால ரெண்டையும் சோஃபா மேல தூக்கி வெச்சுக்கிட்டான். முப்பத்தெட்டு நிமிஷப் பாட்டு முக்கா மணி நேரத்துக்கு மேல ஆச்சு. முழுசா கேட்டா. ஆனா நிக்காம கேக்கல. பரவால்லடான்னு சொன்னா. பரவால்லன்னு அவ முகத்துல இல்ல.

செவ்வாய்க்கிழமை காலையில அவள உள்ள கூட்டிட்டுப் போனப்புறம், லாக்கி ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்து என்ன பண்றதுன்னு தெரியாம ஃபோன நோண்டினான். வீட்டு மெஷின ஃபோன்லயே பாக்கலாம். திறந்தான். பூட்டின வீட்டுல, யாரும் இல்லாத நேரத்துல, பாட்டு ஓடிக்கிட்டிருந்துச்சு. கூடம்னு எதுவும் இல்ல. கீழ் அறை மட்டும். மூணு நிமிஷம் ஆகியிருந்துச்சு. நாலு ஏழு வந்துச்சு. 

நிக்கல. முப்பத்தெட்டு நிமிஷமும், ஒரு இடத்துல கூட நிக்கல. நிறுத்தற பட்டன் கட்டை விரலுக்குக் கீழயே இருந்துச்சு, அவன் அழுத்தல. அந்த நேரத்துல உள்ள டாக்டருங்க அவ நரம்புகிட்ட இருந்திருப்பாங்க.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்தா. கட்டி முழுசா வந்துடுச்சு, முகத்துக்கு ஒண்ணும் ஆகல, காது போச்சு. தலை சுத்தல் இருந்துச்சு, சுவத்தப் புடிச்சுக்கிட்டுதான் நடந்தா. லாக்கி அவளுக்கு டீ போட்டுக் கொடுத்து, ஜன்னல் பக்கம் உக்கார வெச்சான். மெஷின் எல்லாத்தையும் அவன் காலையிலயே அணைச்சு வெச்சிருந்தான். இனிமே அந்த எட்டாவது கேபிள் இந்த வீட்டுல இருக்கக் கூடாதுன்னு வழியெல்லாம் முடிவு பண்ணிக்கிட்டு வந்திருந்தான், சத்தமில்லாம நடைக்குப் போய் அலமாரியத் திறந்தான்.

எட்டாவது விளக்கு மின்னிக்கிட்டிருந்துச்சு. கேபிளோட கிளிப்ப விரலால அமுக்கினான்.

"இப்ப எடுக்காத," ன்னு கூடத்துலேருந்து மார்னி சொன்னா. அவனுக்கு முதுகக் காட்டி உக்காந்திருந்தா. "இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு."

எதுக்குன்னு மெதுவா கேட்டான். அவன் நின்னது அவளுக்குப் பின்னாடி இடது பக்கம், அவளுக்கு அது கேக்கல.

கைய எடுத்துட்டு அப்படியே தரையில உக்காந்தான். விளக்கு மின்னுச்சு. வீடு முழுக்க ஒரு சத்தம் இல்ல. ரெண்டு நிமிஷத்துக்கு அப்புறம் விளக்கு மின்னறத நிறுத்திட்டு, சும்மா பச்சையா நின்னுச்சு. மார்னி மெதுவா மூச்சு விட்டா, அவன் பக்கம் திரும்பினா. ஆபரேஷன் ஆனவங்களுக்கு காதுல ஏதாச்சும் இரைச்சல் இருக்கும்னு டாக்டர் சொன்னாராம். அவளும் ஆமா இருக்குன்னு சொல்லிட்டு வந்தாளாம், அந்தக் காதுல பாட்டு ஓடுதுன்னு எப்படிச் சொல்றது.

"என் வரிகிட்ட இப்ப நிக்கறதே இல்லடா," ன்னா. "ஒரு தடவ கூட."

அவளுக்கு சந்தோஷமா, பயமான்னு அவனுக்குத் தெரியல. எடுத்துடவான்னு சைகையில கேட்டான். அவ டீய எடுத்து ஊதினா. லாக்கி அலமாரிக் கதவ, தூங்கற வீட்டுல சாத்தற மாதிரி, சத்தம் வராம சாத்தினான்.