மெர்வின் குடியிருந்த கரை

ரோசெல் பெர்ச் மீனை மாவில் புரட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அமெரிக்காவிலிருந்து ஆற்றுக்கு அடியில் வரும் சுரங்கப் பாதையின் கனடா முனையிலிருந்து எல்லை அதிகாரி ஒருவன் பேசினான்.

"மேடம், மெர்வின் பெனெட்டோ உங்களுக்கு என்ன வேணும்?"

அவள் அடுப்பை அணைத்தாள். "என்ன ஆச்சு அவருக்கு?"

"ஒண்ணும் ஆகலை. இங்கதான் உக்காந்திருக்கார். எங்க போறீங்கன்னு கேட்டோம், வீட்டுக்குன்னார். வண்டியில மிஷிகன் நம்பர், கையில மிஷிகன் லைசென்ஸ். திருப்பிக் கேட்டா, இல்லை, சும்மா பாக்க வந்தேங்கிறார். இந்தப் பக்கம் குடியிருக்கிறவர் அந்தப் பக்கத்து வண்டியை இப்படி ஓட்டிட்டு வரக் கூடாது. அதான் கேக்கறேன். அவர் உங்களோட இருக்காரா, இல்லையா?"

இதற்கான பதில் ரோசெலுக்கு மனப்பாடம். நாங்க பிரிஞ்சுட்டோம், எப்பவாவது வந்து எட்டிப் பாத்துட்டுப் போவார். மெர்வின் அவளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தது.

கனடாவின் வின்ஸரிலிருந்து அக்கரை டெட்ராய்ட் போய்ப் பிழைக்கிறவர்களுக்கு, வரி கட்டும் ஏப்ரல் மாதம் ஒரு பாரம். சம்பளத்தில் அமெரிக்கா தன் வரியைப் பிடித்துக்கொள்ளும். கனடா அதைக் கழித்துவிட்டுத் தன் பங்குக்கு மிச்சத்தைக் கேட்கும். அதற்காகச் சம்பளத்தன்றே ஒரு பகுதியைத் தனிக் கணக்கில் ஒதுக்கி, அது தன் பணமே இல்லை என்று மறந்துவிடுவது ஊர் வழக்கம். மெர்வினால் மறக்க முடியவில்லை. ஒரு கோடையில் அந்தக் கணக்கைத் துடைத்துப் படகு வாங்கினான். அடுத்த ஏப்ரலில் கடன் வாங்கிக் கட்டினான். அதோடு போதும் என்று முடிவு செய்தான். கனடாவில் குடியிருந்தால்தானே கனடாவுக்கு வரி? அவன் தாய் டெட்ராய்ட்காரி. அந்தப் பக்கத்துக் குடியுரிமை அவனுக்கு இருந்தது. அங்கே ஓர் அறை பிடித்தான். வீடும் மனைவியும் இந்தப் பக்கம் இருந்தால் செல்லாது என்பதால், பிரிந்துவிட்டதாக இருவரும் எழுதிக் கொடுத்தார்கள். எழுதிக் கொடுத்த அன்று இரவும் அவன் வீட்டுக்குத்தான் வந்தான்.

ரோசெலின் அப்பா இறந்தபோது பத்திரிகை அறிவிப்பில் பிள்ளைகள், மருமகள்கள், பேரன்கள் எல்லார் பெயரும் வந்தது. மெர்வின் பெயர் மட்டும் இல்லை. "வரி ஆபீஸ்காரன் பேப்பர் படிக்க மாட்டானா?" என்று அவனே எடுக்கச் சொன்னான். அடக்கத்தில் யாரோ தெரிந்தவன் மாதிரி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். அக்கா ரோசெலின் கையைப் பிடித்து, "போனவன் போறான், விடுடி" என்றாள். அவளுக்கும் உண்மை தெரியாது. ரோசெல் தலையாட்டினாள்.

"மேடம், இருக்கீங்களா?"

"இங்கதான் இருக்கார்" என்றாள். "என்னோடதான். தினம் இங்கதான் தூங்கறார்."

"யோசிச்சுச் சொல்லுங்க. வண்டியைப் பிடிச்சு வெச்சுடுவோம். வரிக்காரங்களுக்கும் தகவல் போகும்."

"போகட்டும்."

மெர்வின் பஸ்ஸில் வந்து சேர்ந்தான். சட்டைகூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை.

"உன்னை ஒரே ஒரு பொய் சொல்லச் சொன்னேன்."

"ஒண்ணா? அக்காகிட்ட சொன்னது எந்தக் கணக்குல?"

"வட்டி, அபராதம்னு தலைக்கு மேல வரும். வீட்டு மேல கடன் வாங்கணும். படகை வித்தாலும் பத்தாது."

"முதல்ல அதை வில்லு. கொல்லையில தார்ப்பாய் போத்திட்டு ஹாயா தூங்குது. யாரும் வந்து அதை நீ எந்த ஊருன்னு கேக்கறதில்லை."

அவனுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, வரவில்லை. "ஏன் சொன்னே, ரோசெல்?"

அவள் மீனைத் திருப்பிப் போட்டாள். பாசத்தில் சொன்னாளா, ஆத்திரத்தில் சொன்னாளா என்பது அவளுக்கே தெரியவில்லை.

"நீ சொல்லிக் கொடுத்ததுதான் நாக்கு நுனியில வந்துச்சு. தடங்கலே இல்லாம வந்துச்சு. அதான் பயந்துட்டேன்."

தட்டை முன்னால் வைத்தாள். சாப்பிட்டான்.

சனிக்கிழமை அறையைக் காலி செய்ய அவளுடைய காரில் போனார்கள். அவள் அதைப் பார்த்ததே இல்லை. மெத்தையைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரித்திருக்கவில்லை. ஜன்னலில் ஒரு பூத்தொட்டி, மண் மட்டும். இதற்குத்தான் மாதாமாதம் வாடகை கொடுத்தான். இதற்காகத்தான் அப்பாவின் அடக்கத்தில் அவள் தனியாளாக நின்றாள்.

வீட்டுக்காரி ஒஃபீலியா படியேறி வந்தாள். "கிறிஸ்மஸுக்குச் சோள மாவுல தமாலே அவிச்சு எடுத்துட்டு வந்து தட்டினேன், ஆளைக் காணோம், வாசல்லயே வெச்சுட்டுப் போனேன். பொண்டாட்டியை விட்டுட்டுத் தனியா கிடக்கிற மனுஷனாச்சேன்னு பாவமா இருந்துச்சு." ரோசெலைப் பார்த்தாள். "இது யாரு? புதுசா?"

மெர்வின் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றான். ரோசெல் உதவிக்கு வரவில்லை.

"இவதான் அந்தப் பொண்டாட்டி" என்றான். "நான் விடலைங்க. பொய் சொன்னேன். இங்க ஒரு நாளும் தூங்கினதில்லை, அவகூடத்தான் இருந்தேன்."

ஒஃபீலியா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சாவிக்குக் கையை நீட்டினாள். "அந்தத் தமாலேயை என் பசங்களுக்காவது கொடுத்திருப்பேன்" என்றாள்.

படியிறங்கும்போது ரோசெல் சொன்னாள்: "ஒருத்தர்கிட்ட சொல்லியாச்சு. இனி மத்தவங்க."