ஜெமீலாவின் வலது கண்

மூதூரில் ஆட்டோ ஓட்டும் அன்ஸார் மாலை அசர் தொழுகையை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது, மனைவி ஜெமீலா தையலைப் பாதியில் விட்டுவிட்டு வலது கண்ணைப் பொத்திக்கொண்டு கதிரையில் சாய்ந்திருந்தாள்.

“தலை ஒரு பக்கம் பிளக்குது. பல்பைப் பார்த்தா சுத்திவர வானவில் மாதிரி வளையம் தெரியுது.”

சொல்லி முடிக்கவும் குசினிக்கு ஓடி வாந்தியெடுத்தாள்.

“பகல் தின்னாமத் தைச்சா இப்படித்தான். கேஸ்ட்ரிக்,” என்று அன்ஸார் இரண்டு பனடோல் மாத்திரையை நீட்டினான்.

“இல்ல, கண்ணுக்குள்ளதான் வலி. ஆஸ்பத்திரிக்குப் போவமா?”

“இதுக்கெல்லாம் ஆஸ்பத்திரியா? படுத்தெழும்பு, சரியாப் போகும்.”

சரியாகவில்லை. விடிந்ததும் அவள் முகத்தைப் பார்த்தான். கண் செக்கச்செவேலென்று சிவந்து, கருமணிக்கு மேல் புகை படிந்தாற்போல இருந்தது. இடது கண்ணைத் தன் கையால் மறைத்து, “நான் தெரியுறனா?” என்று கேட்டான்.

“வெளிச்சம் மட்டும்தான் தெரியுது.”

திருகோணமலை ஆஸ்பத்திரி வரைக்கும் அவன் வண்டியை மெதுவாக்கவேயில்லை. குழியில் சில்லு விழும்போதெல்லாம் பின்னாலிருந்து அவள் முனகல் கேட்டது.

கண் டொக்டர் தனஞ்சயன் விளக்கடித்துப் பார்த்தார், கண்மணி சுருங்கவில்லை. மூடிய இமையின் மேல் விரல் வைத்தார்.

“கல்லு மாதிரி இருக்கு. கண்ணுக்குள்ள ஊறுற தண்ணி வெளியேறுற வழி திடீரெண்டு அடைபட்டிட்டுது. அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பை நெரிக்குது. எப்ப தொடங்கினது?”

“நேத்து அசர் நேரம்,” என்றான் அன்ஸார்.

டொக்டர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

அவளை மல்லாக்கப் படுக்கவைத்து நரம்பில் ஊசி ஏற்றினார்கள். சொட்டு மருந்து மாறி மாறி விட்டார்கள். மத்தியானம் வலி தணிந்தது. இரண்டு நாளில் புகைமூட்டம் தெளிந்ததும், லேசரால் கருவிழித் திரையில் ஊசிமுனையளவு துவாரம் போட்டார்கள். மற்றக் கண்ணுக்கும் இது வரக்கூடும் என்று அதற்கும் போட்டார்கள்.

இடது கண் தப்பியது. வலது கண்ணுக்கு, முன்னால் அசைகிற கை நிழலாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

“நரம்பு செத்தது செத்ததுதான். இனித் திரும்பாது,” என்றார் டொக்டர்.

அன்று பின்னேரம் கிண்ணியாவில் கட்டிக்கொடுத்த மகள் இன்ஷிரா அழுதழுது வந்தாள்.

“ஏன் உம்மா, அண்டைக்கே வந்திருக்கலாமே?”

அன்ஸார் கட்டில் காலடியில் நின்றான். ஜெமீலா அவன் பக்கம் திரும்பவில்லை.

“நான்தான் மகள், சும்மா தலையிடியாக்கும் எண்டு வாப்பாட்டச் சொல்லாம இருந்திட்டன்.”

‘இல்ல, சொன்னவ’ என்று சொல்ல அவன் வாயெடுத்தான். மகள் உம்மாவின் கையைத் தடவிக்கொண்டிருந்தாள். அன்ஸார் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு, சுடுதண்ணி வாங்கிவருவதாகச் சொல்லி வெளியே நடந்தான்.