கால் சுற்று முன்னால்

டோரீனுக்குப் பல் செய்வதுதான் வேலை. பெங்களூர் காக்ஸ் டவுனில் ஹெர்பர்ட் சாமுவேல் நடத்திய டென்டல் லாபில் பதினாறு வருடமாக இருந்தாள். டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சைப் பார்த்து மெழுகில் பல்லைச் செதுக்குவாள். அதைச் சுற்றி மாவுக் கலவையை ஊற்றி இறுக வைத்து, உலையில் மெழுகை உருக்கி வெளியேற்றுவாள். உள்ளே மிஞ்சும் குழியில் உருகிய உலோகத்தைச் சுழற்றி அடித்தால் பல் தயார். அரை மில்லிமீட்டர் தப்பினாலும் யாரோ ஒருவருக்குச் சோறு இறங்காது என்று அவளுக்குத் தெரியும்.

1996 ஜூனில் ஒரு சனிக்கிழமை, உலோகக் கலவை பற்றி ஏதாவது புத்தகம் கிடைக்குமா என்று அவென்யூ ரோடு நடைபாதைக் கடைகளுக்குப் போனாள். அது கிடைக்கவில்லை. பழைய இங்கிலீஷ் பத்திரிகைக் கட்டு ஒன்றின் நடுவே, ஒரு சின்ன ஸ்டீம் இன்ஜினை நீளவாக்கில் அறுத்துக் காட்டியதுபோல் ஒரு படம் இருந்தது. பல்லின் குறுக்குவெட்டைத் தினமும் பார்க்கிறவள் என்பதால் அந்தக் கோடுகள் அவளை நிறுத்தின. கையில் தூக்கிப் போகிற அளவு இன்ஜின். தண்ணீர் ஊற்றி, ஸ்பிரிட் விளக்கு ஏற்றினால் நிஜமாகவே ஓடுமாம். எப்படிச் செய்வது என்று மூன்று மாத இதழ்களில் தொடராக எழுதியிருந்தார்கள். கடைக்காரரிடம் முதல் இதழும் மூன்றாவது இதழும் இருந்தன. இரண்டாவது இல்லை.

அவள் கணவன் நோயல் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் கொயரில் பாடுவான். லிங்கராஜபுரம் வீட்டில் அன்று சாயங்காலம் அவள் இரண்டு பத்திரிகையையும் மேஜையில் விரித்ததும் எட்டிப் பார்த்தான்.

"ரயிலா? எதுக்கு?"

"ஸ்டீம் வந்து சிலிண்டருக்குள்ள இருக்குற இந்த உருளையை ஒரு பக்கமா தள்ளுது. அது புரியுதுங்க. நம்ம குக்கர் வெயிட்டைத் தூக்குற மாதிரிதான். ஆனா உருளை அந்தக் கடைசிக்குப் போனதும், இப்ப இந்தப் பக்கம் தள்ளுன்னு ஸ்டீமுக்கு யார் சொல்றாங்க?"

"டிரைவர் சொல்வான்."

"ஒரு செகண்டுக்கு அஞ்சு வாட்டியா?"

அவள் பக்கங்களைப் புரட்டினாள். மூன்றாவது இதழில் அந்த இடம் வந்தபோது, 'போன மாதம் விளக்கியபடி வால்வைப் பொருத்திக்கொள்ளவும்' என்று மட்டும் போட்டிருந்தார்கள்.

வால்வு தெரியாவிட்டாலும் சக்கரம் தெரியும் என்று முதல் இதழில் இருந்ததை அவள் தொடங்கிவிட்டாள். பெரிய லேத் மிஷின் அவளிடம் இல்லை. ஆனால் சக்கரம் ஒன்றரை அங்குலம்தான், லாபில் பல் வார்க்கும் அச்சுக்குள் ஒன்று தாராளமாக அடங்கும். சாயங்காலம் வேலை முடிந்த பிறகு மெழுகில் ஆரக்கால் வைத்துச் சக்கரங்களைச் செதுக்கினாள். இன்ஜினுக்கு நாலு, பின்னால் கட்டும் வண்டிக்கு நாலு.

மூன்றாவது சக்கரத்தின்போது ஹெர்பர்ட் சார் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அறுபதைத் தாண்டியவர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். மேஜை மேல் மெழுகுத் துணுக்குகளை ஒரு காகிதத்தில் வைத்திருந்தார்.

"டோரீன், நேரா கேக்குறேன்மா. வெளில யாருக்காவது தனியா பல்லு செஞ்சு குடுக்குறியா? நம்ம உலையில தினமும் ஆறு மணிக்கு மேல சூடு இருக்கு. ஜாப் புக்குல ஒண்ணுமே இல்ல."

டோரீனுக்கு முகம் சுட்டது. கேட்டுவிட்டுச் செய்திருக்க வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. கைப்பையிலிருந்து இரண்டு சக்கரங்களை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். ஹெர்பர்ட் ஒன்றைக் கையில் எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். ஆரக்கால்களை எண்ணினார்.

"இது எந்தப் பல்லு?"

"பல்லு இல்ல சார். இன்ஜின் சக்கரம். கேக்காம செஞ்சது தப்புதான். மெட்டல் என்னோடது, பழைய பித்தளைக் குழாயிலேர்ந்து எடுத்தது."

அவர் சக்கரத்தை மேஜையில் உருட்டிவிட்டார். அது நேராகப் போய் டெலிபோனில் முட்டி நின்றது.

"கோணலே இல்லியே," என்றார். மறுபடி எடுத்துத் திருப்பிப் பார்த்து, "ஓரத்துல ஒரு சின்ன ஓட்டை விழுந்திருக்கு பார். மெட்டல் உள்ள போற வழி மெல்லிசா வச்சிருக்கே. தடியா வை" என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சு வரவில்லை. மறுநாளிலிருந்து ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகிறவர் ஆறரைக்குத்தான் போனார்.

சிலிண்டரை மட்டும் வீட்டுப் பக்கத்தில் இருந்த லேத் பட்டறையில் துளை போட்டு வாங்கினாள். மற்றதெல்லாம் அரம், ரம்பம், லாபில் பல்லைப் பளபளப்பாக்கும் மோட்டார். டிசம்பருக்குள் சட்டமும் சக்கரமும் சிலிண்டரும் சேர்ந்துவிட்டன. இப்போது வால்வு இல்லாமல் நகர முடியாது.

சிலிண்டருக்கு மேலே ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் முன்னும் பின்னும் வழுக்கும் ஒரு தகடு. அது ஒரு துளையைத் திறக்கும்போது இன்னொன்றை மூடும். அது வரை படத்திலேயே தெரிந்தது. தகட்டை ஆட்டுவது, சக்கரத்தின் அச்சில் மாட்டிய ஒரு வட்டு. வட்டுக்கு நட்ட நடுவில் இல்லாமல் ஓரமாகத் துளை போட்டிருப்பதால், அச்சு சுற்றும்போது வட்டு நொண்டும், தகடு ஆடும். ஆனால் அந்த வட்டை எந்தப் பக்கம் பார்த்து அச்சில் இறுக்குவது? அதுதான் இரண்டாவது இதழோடு போயிருந்தது.

நிஜ இன்ஜினையே பார்த்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, வெள்ளைப் புடவையோடு சிட்டி ஸ்டேஷனுக்குப் போனாள். அங்கே காட்சிக்கு நிறுத்தியிருந்த பழைய இன்ஜினைச் சுற்றி ஒரு கம்பி வேலி. அதைத் தாண்டி, சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"ஏய் அம்மா! அல்லி ஏனு மாட்தா இதீரா?" அங்கே என்ன செய்கிறீர்கள் என்று கன்னடத்தில் கத்திக்கொண்டு ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் லத்தியை ஆட்டியபடி ஓடி வந்தார்.

ஏதாவது தொலைந்துவிட்டதா என்று அடுத்துக் கேட்டார். இல்லை, ஸ்டீம் எப்படித் திரும்புகிறது என்று பார்க்கிறேன் என்று கன்னடத்திலேயே சொன்னாள். அவர் அவளையும் இன்ஜினையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் பெரிய தண்டு சக்கரத்தில் கோத்திருக்கும் முளையைக் காட்டினாள். அந்த முளையிலிருந்தே ஒரு குட்டைக் கை புறப்பட்டு வேறு பக்கமாகத் திரும்பி நின்றது. அதன் நுனியிலிருந்துதான் வால்வுக்குப் போகும் மெல்லிய தண்டு கிளம்பியது.

"இது மணி மூணு மாதிரி நிக்குது. அது மணி பன்னெண்டு மாதிரி நிக்குது. ஏன் ரெண்டும் ஒரே பக்கம் இல்ல?" என்று அவள் தனக்குத்தானே தமிழில் சொல்லிக்கொண்டாள்.

"நீங்க தமிழா?" என்றார் போலீஸ்காரர். "ஆறு வருஷமா இதுக்குக் காவல் நிக்கிறேன்மா. இதை நான் பார்த்ததே இல்ல." லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவரும் குனிந்தார். இன்ஜினின் அந்தப் பக்கத்துச் சக்கரத்தையும் இருவரும் போய்ப் பார்த்தார்கள். அங்கேயும் அதே கால் சுற்று வித்தியாசம்.

பஸ்ஸில் வரும்போது டிக்கெட்டின் பின்பக்கம் வரைந்தாள். வீட்டுக்கு வந்து அட்டையை வெட்டி, குண்டூசி குத்தி, சட்டைப் பித்தானைச் சக்கரமாக வைத்துச் சுற்றிப் பார்த்தாள். நாலைந்து முறை சுற்றியதும் கை நின்றது.

"நோயல்! இங்க வாங்க. உருளை கடைசில போய் நிக்கும்போது தகடு நடுவுல இருக்கணும். நடுவுல இருந்தாதான் அடுத்த துளையைத் திறக்கக் கிளம்ப முடியும். அப்ப வட்டு கால் சுற்று முன்னால போகணும். யாரும் சொல்ல வேணாம். சக்கரமே சொல்லிக்குது!"

நோயல் பித்தானைத் தானும் ஒருமுறை சுற்றிப் பார்த்தான். "என் சட்டையில எந்தப் பித்தான் இது?" என்றான்.

ஜனவரியில் சைக்கிள் பம்பை இன்ஜினில் மாட்டி அவனைக் காற்றடிக்கச் சொன்னாள். நாலாவது அடியில் சக்கரம் படபடவென்று சுற்றியது. ஆனால் பின்பக்கமாக. முன்னால் என்று அவள் நினைத்த பக்கம் பின்னால். வட்டைத் தளர்த்தி எதிர்ப் பக்கம் திருப்பி இறுக்கினாள். சரியாகிவிட்டது. அன்று நோயலின் தோள்பட்டை வலிக்கும் வரை காற்றடிக்க வைத்தாள்.

பாய்லர் என்றதும் நோயல் விளையாட்டை விட்டான். சின்ன வயதில் குக்கர் வெடித்து ஒருமுறை பார்த்திருக்கிறான். "இது மட்டும் வேணாம் டோரீன். காத்துலயே ஓடட்டும்" என்று இரண்டு நாள் சாப்பாட்டு மேஜையில் சொன்னான். அவள் வாதாடவில்லை. செம்புக் குழாயில் பாய்லரைச் செய்து, லாபின் கேஸ் டார்ச்சில் வெள்ளிப் பற்று வைத்து மூடினாள். அதில் தண்ணீரை விளிம்பு வரை நிரப்பி, கைப்பம்பையும் ஒரு பிரஷர் மீட்டரையும் மாட்டி அவன் முன்னாலேயே கொண்டுவந்து வைத்தாள்.

"நாப்பது பவுண்டுல ஓடப்போகுது. எம்பது வரைக்கும் ஏத்திப் பார்ப்போம். உள்ள காத்தோ ஆவியோ இல்ல, வெறும் தண்ணி. கிழிஞ்சா ஒழுகும், வெடிக்காது. நீங்களே அடிங்க."

அவன் அடித்தான். அறுபதில் பின்மூடி ஓரத்தில் ஒரு சொட்டு அரும்பியது. பிரித்து, மறுபடி பற்று வைத்து, மறுபடி அடித்தார்கள். எண்பதில் முள் பத்து நிமிஷம் அசையவில்லை. மீட்டரை அந்தப் பத்து நிமிஷமும் நோயல்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அதோடு, நாற்பதுக்கு மேல் போனால் ஆவியைத் திறந்துவிடும் வால்வை அவள் செய்து காட்டிய பிறகுதான் சரி என்றான்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை மொட்டைமாடியில் முதன்முதலாக விளக்கை ஏற்றினாள். மீட்டர் முப்பதைக் காட்டியது. ஆவியைத் திறந்து, சக்கரத்தை விரலால் தள்ளிவிட்டாள். அரைச் சுற்று சுற்றி நின்றது. மறுபடி தள்ளினாள். இறுகிப்போனதுபோல் நின்றது. விடாமல் தள்ளியபோது கொஞ்சம் இளகியது, ஆனால் ஓடவில்லை. வேலை முடிந்த ஆவி வெளியேறும் புகைபோக்கியிலிருந்து இரண்டு சொட்டு வெந்நீர் அவள் கையில் தெறித்தது.

வட்டு நழுவிவிட்டதோ என்று எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தாள். அதே கால் சுற்றுதான். பூட்டிக் காற்றடித்தால் ஜம்மென்று ஓடியது. காற்றுக்கு ஓடுகிற இன்ஜின் ஆவிக்கு ஏன் ஓடாது? லாபில் ஹெர்பர்டும் யோசித்தார். "ஸ்டீம்ல உலோகம் விரிஞ்சு பிடிச்சுக்குதோ?" என்றார். அப்படியானால் சூடு ஆக ஆக மோசமாக வேண்டும். ஆனால் தள்ளத் தள்ளக் கொஞ்சம் இளகியதே என்று டோரீனுக்கு ஞாபகம். மூன்று நாள் இது மண்டையைக் குடைந்தது.

புதன்கிழமை காலை நோயல் இட்லிப் பாத்திரத்தைத் திறந்தான். மூடியிலிருந்து வெந்நீர் சரசரவென்று அவன் கால்மேல் கொட்டியது.

"ஐயோ! மூடிக்குள்ள யார் தண்ணி ஊத்துனது?"

டோரீன் அவன் காலைப் பார்க்கவில்லை, மூடியைப் பார்த்தாள். "ஆவிங்க. மூடி ஆறிக்கிடந்ததால தண்ணியாயிடுச்சு." சொல்லிக்கொண்டே அப்படியே நின்றாள். "சிலிண்டரும் ஆறித்தான் கிடக்குது. உள்ள போற ஆவியெல்லாம் தண்ணியாகி அடைச்சுக்குது. காத்தை அமுக்கலாம், தண்ணியை எங்க அமுக்குறது?"

"கால் எரியுது டோரீன்."

அதற்குப் பிறகுதான் அவன் காலுக்குத் தண்ணீர் விட்டாள்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் மூன்று பேர் மாடியில் இருந்தார்கள். ஹெர்பர்ட் லாபிலிருந்து ஒரு பாட்டில் ஸ்பிரிட்டும், எடை வைத்துப் பார்க்க ஐந்தாறு மாவுப் பாக்கெட்டும், சாயங்காலம் ஒரு டாக்டரிடம் சேர்க்க வேண்டிய சாமான் பையும் கொண்டுவந்திருந்தார். பலகையில் அலுமினியப் பட்டை பதித்த பதினாறு அடித் தண்டவாளம். இந்த முறை டோரீன் ஆவியைத் துளியூண்டு மட்டும் திறந்து, இன்ஜினைக் கையால் முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டே இருந்தாள். புகைபோக்கி தண்ணீரைத் துப்பியது. மறுபடி துப்பியது. பிறகு துப்பல் நின்று, உஸ் உஸ் என்று காய்ந்த சத்தம் வந்தது. கையை எடுத்தாள்.

இன்ஜின் போனது. ஒவ்வொரு உஸ்ஸுக்கும் ஒரு முட்டு முட்டி, அப்புறம் உஸ்களே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பதினாறு அடியையும் தாண்டி நோயல் கடைசியில் மடித்து வைத்திருந்த கம்பளியில் போய் மோதியது. நோயல் "ஹே!" என்று கத்தினான். ஒன்பது மாதமாக டோரீன் காகிதத்திலும் பித்தானிலும் பார்த்தது, தன்னை யாரும் தொடாமல் தானே போனது. அவள் துணியால் பிடித்து இன்ஜினைத் திருப்பி வைத்தாள்.

ஆறேழு முறை ஓட்டிய பிறகு ஹெர்பர்ட், "எவ்வளவு இழுக்கும்?" என்றார். பின்னால் வண்டியைக் கோத்தார்கள். லாபின் ஒரு கிலோ மாவுப் பாக்கெட் ஒன்று வைத்தார்கள். இழுத்தது. இரண்டு. மூன்றுக்குக் கொஞ்சம் திணறிக் கிளம்பியது. நாலாவதை வைத்ததும் வண்டி நகரவில்லை. ஆனால் இன்ஜின் நிற்கவும் இல்லை. சக்கரம் நின்ற இடத்திலேயே விர்ரென்று சுற்றியது.

"பவர் தீர்ந்துபோச்சு," என்றான் நோயல்.

"இல்லங்க, பவர் இருக்கு. சுத்துதே! பிடிமானம்தான் இல்ல." டோரீன் தரையில் படுத்துத் தண்டவாளத்தோடு கண்ணை வைத்தாள். "மேல வெயிட் இருந்தா பிடிக்குமோ?"

இன்ஜின் தொட முடியாத சூடு, காகிதப் பாக்கெட்டை வைத்தால் கருகிவிடும். ஹெர்பர்ட் சுற்றுமுற்றும் தேடினார். பிறகு தன் பையைத் திறந்து, டாக்டருக்குப் போக வேண்டிய பிளாஸ்டர் தாடை அச்சை எடுத்து, டிரைவர் நிற்க வேண்டிய தட்டின் மேல் பதமாக வைத்தார். யாரோ ஒருவருடைய கீழ்த்தாடை, பன்னிரண்டு பற்களோடு.

சக்கரம் ஒருமுறை வழுக்கியது, பிடித்தது, நாலு கிலோவும் மெல்ல நகர்ந்தது.

"சார், அந்தப் பேஷன்டுக்கு மேல்தாடையும் செய்யணுமா?" என்று டோரீன் தரையிலிருந்தே கேட்டாள்.

"பையிலதான் இருக்கு," என்றார் ஹெர்பர்ட். நோயல் அதற்குள் ஐந்தாவது பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டிருந்தான்.