ஒரு விரல் தண்ணீர்

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு திட்டிலிருந்து பிறந்தது. திட்டியவள் பக்கத்து வீட்டு ரூபினா. வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

அவள் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் கோமாளி மீன் இரண்டு உண்டு, அவை குடியிருக்க ஓர் அனிமோனும் உண்டு. (பார்க்கப் பூ மாதிரி இருக்கும், ஆனால் அதுவும் ஒரு பிராணிதான்.) அது சாகக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டதும் நான் பேனாவை எடுத்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "கரிசல் காட்டின் நடுவே ஒரு குட்டிக் கடல்..." சீ! அடித்தாயிற்று.

இரண்டாவது: "ரூபினா ஆசைப்பட்டு வாங்கினாள், வளர்க்கத் தெரியாமல் கொன்றாள்." இதை அவளிடமே வாசித்துக் காட்டினேன்.

"என்ன அண்ணாச்சி எழுதி வச்சிருக்கீய? நானா கொன்னேன்? பதினாலு மாசம் கண்ணுக்குள்ள வச்சுப் பாத்தவ நான். மொதல்ல, அது சாகவே இல்ல!"

3

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

மே மாதம். கோவில்பட்டி வெயிலில் தொட்டித் தண்ணீர் தினம் அரை விரல் இறங்கும். (ஆவியாகிப் போவது தண்ணீர், உப்பு அங்கேயே நிற்கும். அதனால் ஊற்ற வேண்டியது நல்ல தண்ணீர்.) தங்கச்சி ஷிரின் பிரசவத்துக்காக ரூபினா பத்து நாள் மணியாச்சி போனாள். புருசன் வாசிமிடம் படித்துப் படித்துச் சொன்னாள்: "நீலக் கேன் நல்ல தண்ணி. கொறையுத அளவு இத ஊத்துங்க. சிவப்புக் கேன் கடல் தண்ணி, அதத் தொடவே தொடாதீங்க."

வாசிம் தினமும் சிவப்பைத்தான் ஊற்றினார். உப்புக்கு மேல் உப்பு. அவள் திரும்பி வந்தபோது அனிமோன் கொட்டைப்பாக்கு அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. மீன்கள் அதை விட்டு நகராமல் முட்டிக்கொண்டிருந்தன.

"எட்டு நாளைக்கு ஒருக்காதான் கொழாயில தண்ணி வருது. குடிக்குத தண்ணிய மீனுக்கு ஊத்தவா? கடல் மீனுக்குக் கடல் தண்ணி ஊத்துனேன், அதுல என்ன குத்தம்?" என்றார் வாசிம்.

ரூபினா விடவில்லை. "ஏழு வருசம் தூத்துக்குடி உப்பளத்துல பாத்தி பாத்தவியதான நீங்க? வெயில்ல தண்ணி போவும், உப்பு நிக்கும்னு நானா உங்களுக்குச் சொல்லணும்?"

இங்கே வாசிம் மன்னிப்புக் கேட்பதாக எழுதினேன். "அவிய கேக்கல. கேக்காதத எழுதாதீங்க" என்றாள் ரூபினா. வந்துபோன சொந்தக்காரர்களிடம் அவர் சொன்னதே வேறு: "ஆசைப்பட்டு வாங்குனா, வளக்கத் தெரியல."

என் இரண்டாவது தொடக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிகிறதா? தெருவில் கேட்டதை அப்படியே இறக்கி வைத்திருக்கிறேன், வெட்கங்கெட்டவன்.

4

முடிவுக்கு இரண்டு வைத்திருந்தேன்.

ஒன்று: அனிமோன் செத்துவிடுகிறது, புருசன் பெண்டாட்டி சமாதானமாகிறார்கள். இதைச் சொன்னதும் அவள் முறைத்த முறைப்பில் கிழித்துப் போட்டேன்.

இன்னொன்று: ஒரு காலையில் அது மெல்ல விரிகிறது, மீன்கள் இரண்டும் ஆனந்தமாக—

"நிப்பாட்டுங்க. விரியணும்னு நானும்தான் தெனமும் பாக்கேன். இன்னும் விரியலையே அண்ணாச்சி."

அதற்குமேல் நான் எழுதவில்லை.

5

ஷிரின் பிள்ளைக்கு நாற்பதாம் நாள் விசேஷம். ரூபினா மறுபடியும் இரண்டு நாள் மணியாச்சி போகிறாள்.

"தொட்டிய அவியகிட்டயும் விட மாட்டேன், உங்ககிட்டயும் விட மாட்டேன். இதப் படிக்கவிய யாராச்சும் வந்து பாக்கட்டும்."

ஆகவே, வாருங்கள். தண்ணீர் ஒரு விரல் இறங்கியிருக்கிறது. இரண்டு கேனும் பக்கத்திலேயே இருக்கின்றன. உங்களுக்குத்தான் எல்லாம் சொல்லியாயிற்றே, ஊற்றுங்கள். தப்பாக ஊற்றிவிட்டு வெளியே போய், அவளுக்கு வளர்க்கத் தெரியவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.