மாற்றம் காட்டிய வீடு

சாய்ந்தமருதில் ஒரு பெண்ணிடம் போய், இந்த வீடு யார் பேரில் இருக்கிறது என்று கேட்டால் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பாள். வீடென்றால் அது பெண்ணுடையதுதான். வாப்பா கட்டி மகளுக்கு எழுதுவார், மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து குடியேறுவார். ஸம்றாவின் வாப்பா நாவிதன்வெளியில் இருந்த வயலை விற்று அவளுக்கு இந்த வீட்டைக் கட்டினார். கல்முனையில் ஹாட்வெயார் கடை லொறி ஓட்டும் பஸால் மாப்பிள்ளையாக வந்தான். மகள் ஹஸ்னா பிறந்தாள், இப்போது ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிறாள். ஸம்றாவுக்குப் பிறகு வீடு ஹஸ்னாவுக்கு. உதவிக் காசு கொடுக்கும் ஒரு பெரிய வெளிநாட்டுப் பவுண்டேசன் ஊருக்குள் வரும்வரை இதில் யாருக்கும் எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை.

அந்தப் பவுண்டேசனின் பேர் யாருடைய வாயிலும் நுழையாது. அமெரிக்காவில் கண்மூடி மௌத்தாகிப்போன ஒரு பணக்காரரின் காசாம். காசு நிறைய, ஆனால் வருடத்துக்கு ஒரு ஆசை. ஊர் கிணறு கேட்ட வருடம் அவர்களிடம் கோழிக்குத்தான் காசு இருந்தது. அடுத்த வருடம் கோழி போய் நல்லிணக்கம் வந்தது. பக்கத்து ஊரான காரைதீவின் தமிழ்ப் பெண்களும் சாய்ந்தமருது முஸ்லிம் பெண்களும் ஒரே பாயில் உட்கார்ந்து காகிதப் பூச் செய்தார்கள். ஏற்கெனவே சந்தையில் தினமும் வாய் கிழியக் கதைத்துக்கொண்டிருந்தவர்கள்தான்.

போன மாரிக் காற்றில் ஸம்றாவின் பின்னறைக் கூரைத் தகடுகள் கிளம்பிப் போயின. மழை பெய்தால் கட்டிலை இழுப்பதும் பேசின் வைப்பதுமே வேலையாகிவிட்டது. ஹஸ்னாவின் புத்தகங்கள் நனைந்து ஊதிப்போயின. பஸாலின் சம்பளத்தில் கூரையைப் பற்றி யோசிக்கத்தான் முடியும், போட முடியாது. அந்த நேரம் பார்த்துத்தான் பவுண்டேசன் கூரை தருகிறது என்ற கதை வந்தது.

பாடசாலை மண்டபத்தில் கூட்டம். பவுண்டேசனின் வெளிக்கள உத்தியோகத்தர் சிவரூபினி வந்திருந்தாள். காரைதீவுப் பிள்ளை, நல்ல பிள்ளை.

"இந்த வருசம் பொம்புளையளுட காணி உரிமைக்குத்தான் காசு வந்திரிக்கு" என்றாள். "புருசன்ட பேர்ல இரிக்கிற வீட்ட பொஞ்சாதிட பேருக்கு மாத்தினா, கூரை முழுக்கப் புதுசாப் போட்டுத் தருவாங்க."

மண்டபமே சிரித்தது. ஸம்றா எழுந்து நின்றாள்.

"மிஸ், எங்கட ஊடெல்லாம் எங்கட பேர்லதான் இரிக்கி. அப்ப எங்களுக்குத்தானே முதல்ல தரணும்?"

"அதுதான் அக்கா பிரச்சின. மாற்றம் காட்டணுமாம். முதலே உங்கட பேர்ல இருந்தா மாற்றம் இல்லையாம்."

"நீங்க இருக்கிற ஊடு ஆருட பேர்ல, மிஸ்?"

"அம்மாட வீடு. எனக்குத்தான் எழுதியிரிக்காங்க."

"இதக் கொழும்புல இரிக்கிற உங்கட பெரிய ஒபீசுக்குச் சொல்லல்லியா?"

"எழுதினன் அக்கா. திரும்பத் திரும்ப எழுதினன். எங்கட ஊருக்கெண்டு தனியாச் சட்டம் போட ஏலாதாம்."

உலகத்தில் எங்கோ பெண்களுக்கு வீடில்லை என்பதற்காக, வீடுள்ள பெண்களுக்குக் கூரை இல்லை. ஸம்றாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அவள் கெட்டிக்காரி என்று சின்ன வயதிலேயே பேர் எடுத்தவள். அந்தப் பேர்தான் அவளைக் கெடுத்தது. வாசலுக்கு வருவதற்குள் வழி கண்டுபிடித்துவிட்டாள். மாற்றம்தானே வேண்டும்? வீட்டைப் பஸாலுக்கு எழுதிக் கொடுப்பது, பிறகு பஸால் திருப்பி எழுதுவது. மாற்றத்துக்கு மாற்றமும் ஆச்சு, கூரைக்குக் கூரையும் ஆச்சு.

அடுத்த நாள் சிவரூபினியிடம் சொன்னாள். சிவரூபினி கைப்பையை மூடினாள்.

"நான் இதக் கேக்கவே இல்ல அக்கா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பஸால்தான் பயந்தான். "எனக்கென்னத்துக்கு ஊடு? ஆம்புளைட பேர்ல ஊடிரிந்தா ஊரு என்ன கதைக்கும்? உங்கட வாப்பா கபுறுல இரிந்து எழும்பி வருவாரு புள்ள."

"ரெண்டு மாசத்து வேல. கூரை வந்த உடன திருப்பி எழுதுவம். உங்கள நம்பாம வேற ஆர நம்புற?"

பத்திரம் எழுதும் நொத்தாரிசு ஜவாத், நல்லா யோசிச்சீங்களா என்று கேட்டார். ஓம் என்றாள். வீடு பஸால் பேருக்கு மாறிய உறுதிப் பத்திரம் எழுதி முடிந்தது. அவர்கள் இருந்த கடலோரத் தெருவில் சொந்த வீடுள்ள ஒரே ஆம்பிளை பஸால். பள்ளிவாசலடியில் கூட்டாளிமார் அவனை "முதலாளி" என்று கூப்பிட்டுப் பகிடி பண்ணினார்கள். மற்றப் பெண்கள் ஸம்றாவின் கூரை வரட்டும், பார்த்துச் செய்வோம் என்று பொறுத்திருந்தார்கள். அவர்களுக்குத்தான் புத்தி இருந்தது.

கொழும்பிலிருந்து பவுண்டேசன் ஆட்கள் வந்தார்கள். பஸாலை வாசலில் நிறுத்திப் படம் பிடித்தார்கள். சொந்த வீட்டை மனைவிக்குக் கொடுக்கப்போகிறீர்களே, எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். பஸால் முகம் சிவந்து, "சந்தோசம்" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். உள்ளே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த ஸம்றா சிரிப்பை அடக்கப் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். போகும்போது, தாங்கள் சொல்லும்வரை உறுதி மாற்ற வேண்டாம், கையெழுத்துப் போடுவதையும் படம் பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

காத்திருந்தாள். அடுத்த மாரி தொடங்கியது. பேசின்கள் திரும்பவும் வெளியே வந்தன. ஒரு நாள் சிவரூபினி குடையோடு வந்து, உட்காராமல் நின்றாள்.

"திட்டத்த மூடிட்டாங்க அக்கா."

வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று எழுதிவிட்டதாம். இங்கே பெண்களுக்குக் காணி உரிமை என்று கொடி பிடிக்கும் பவுண்டேசன், தன் மூலதனத்தை ஒரு கம்பனியில் போட்டு வைத்திருக்கிறதாம். அந்தக் கம்பனி ஆபிரிக்காவில் எங்கேயோ பெண்களின் தோட்டங்களைப் பிடுங்கி எண்ணெய்ப் பனை நடுகிறதாம். உலகம் முழுக்க ஏச்சு. பவுண்டேசன் வெட்கப்பட்டது. வெட்கப்பட்டுக் கம்பனியிலிருந்து காசை எடுத்தார்களோ இல்லையோ, காணி என்ற சொல் இருந்த எல்லாத் திட்டத்தையும் இழுத்து மூடினார்கள்.

"அவங்களப் பேப்பர்ல ஏசினா எண்ட கூரைய ஏன் மிஸ் நிப்பாட்டுற? நான் ஆருட தோட்டத்தப் புடுங்கின?"

"எனக்கு விளங்குது அக்கா. இனிக் கண்டல் மரத்துக்குத்தான் காசாம். களப்புத் தண்ணி ஓரமாக் கண்டல் நட விருப்பமெண்டா..."

"கண்டல எண்ட கூரையிலயா நடுற?"

சிவரூபினி குடையை விரித்தாள். அவளைப் பேசி என்ன பயன்? பேச வேண்டியவர்கள் பேசும் தூரத்தில் இல்லை. ஸம்றாவுக்கு ஆத்திரத்தில் அழுகைதான் வந்தது.

சரி, கூரை போனால் போகட்டும், வீட்டைத் திருப்பி எழுதுவோம் என்றாள். பஸாலும் உடனே தலையாட்டினான். நொத்தாரிசைத் தேடிப் போனால் மக்காவுக்கு உம்றாச் செய்யப் போய்விட்டாராம். வேறு ஆளிடம் போகவும் பஸாலுக்கு விருப்பமில்லை. வரட்டும் என்றான். அந்த இடைவெளியில்தான் பஸாலின் தங்கச்சி றபீக்கா வந்தாள்.

றபீக்காவின் வீட்டைச் சுனாமி கொண்டுபோனது. அதற்குப் பிறகு கிடைத்த வீட்டுத்திட்ட வீட்டை மூத்த மகளுக்குக் கொடுத்துவிட்டாள். இளைய மகளுக்கு ஒன்றுமில்லை. இப்போது நல்ல இடத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்திருக்கிறது, வீடில்லாததால் இழுபடுகிறது. மஸ்கற் இனிப்புப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு அவள் தன் காக்கா பஸாலின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"காக்கா, இவ்வளவு காலமும் நான் உங்ககிட்ட வாய் துறந்து ஒண்டும் கேக்கல்ல. உங்ககிட்ட இல்லையெண்டு எனக்குத் தெரியும். இப்ப உங்கட பேர்ல ஊடிரிக்காமே."

"றபீக்கா, அது பவுண்டேசனுக்காக எழுதின..." என்று தொடங்கினாள் ஸம்றா.

"மதினி, நான் முழு ஊட்டயும் கேக்கல்ல. பின்னால ஒரு அறையும் துண்டுக் காணியும் தந்தாக் காணும். மிச்சத்த நாங்க கட்டிக்குவம்."

 பஸால் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்தக் கரையில் தங்கச்சிக்கு வீடு கட்டிக் கொடுக்காத மூத்த ஆண்பிள்ளைக்கு மரியாதை கிடையாது. ஒன்றுமில்லாதவன் என்பதால்தான் இத்தனை வருடமும் அவனை ஊர் மன்னித்திருந்தது.

றபீக்கா போன பிறகு ஸம்றா கத்தினாள். "அது ஹஸ்னாட ஊடு. உங்கட புள்ளைட ஊடு!" அவன், சரி, சரி, நொத்தாரிசு வந்ததும் எழுதுவோம் என்று மட்டும் சொன்னான். முழு வீட்டையும்தான் சொல்கிறான் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

நொத்தாரிசு வந்த கிழமையே இருவரும் போனார்கள். பஸால் கதிரையின் விளிம்பில் உட்கார்ந்து, யாருடைய முகத்தையும் பாராமல் சொன்னான்.

"முன்பக்கம் எண்ட பொஞ்சாதிக்கு. பின்னறையும் அதோட காணியும் தங்கச்சிட மகளுக்கு. ரெண்டு உறுதியா எழுதுங்க சேர்."

"ஆரக் கேட்டு?" ஸம்றா எழுந்தே விட்டாள். "எண்ட வாப்பா வயல வித்துக் கட்டின ஊடு. நான் சம்மதிக்க மாட்டன்."

ஜவாத் கண்ணாடியைக் கழற்றினார். "தங்கச்சி, இப்ப சட்டப்படி ஊடு அவருட. அவரு விரும்பினபடி எழுதலாம். உங்கட சம்மதம் இதுக்குத் தேவல்ல."

"பவுண்டேசனுக்காகத்தானே சேர் எழுதின!"

"உறுதியில அப்படி ஒண்டும் இல்லையே."

பஸால் மெதுவாகப் பேசினான். "உம்மா மௌத்தாகக்குள்ள தங்கச்சியப் பாத்துக்க எண்டு எண்ட கையப் புடிச்சா. எனக்கிட்ட ஒண்டுமில்ல எண்டு சொல்லிச் சொல்லியே இவ்வளவு காலமும் தப்பினன். இப்ப எந்த மூஞ்சோட அப்படிச் சொல்லுற? நீயே சொல்லு."

 தனக்கு ஒரு காக்கா இருந்து, அவன் பேரில் ஒரு வீடும் இருந்திருந்தால், ஸம்றாவும் மஸ்கற் பெட்டியோடு போயிருப்பாள். அது தெரிந்ததால் ஆத்திரம் இன்னும் கூடியது. பஸாலை ஏசவா, றபீக்காவை ஏசவா, பேர் சொல்லத் தெரியாத பவுண்டேசனை ஏசவா? கடைசியில் தன்னையே ஏசிக்கொண்டாள்.

சில நாளில் உறுதிகள் தயாராகின. பஸால் இரண்டிலும் கையெழுத்துப் போட்டான். ஜவாத் ஒன்றை ஸம்றாவின் பக்கம் திருப்பி வைத்தார்.

"நன்கொடை உறுதி. வாங்குறவங்க ஏத்துக்கிறன் எண்டு கையெழுத்துப் போடணும். போடாட்டி இந்தப் பாதியும் அவருட பேர்லயே கிடக்கும்."

பிறகு சட்டப்படி வாசித்துக் காட்டினார். தன் மனைவி மீது கொண்ட அன்பினாலும் பாசத்தினாலும் கணவர் கொடுக்கும் இந்தச் சொத்தை அவள் நன்றியுடன் ஏற்றுக்கொள்வதாக எழுதியிருந்தது.

"அந்த நன்றிய எடுக்க ஏலாதா சேர்?"

"ஏலாது தங்கச்சி. எல்லா உறுதியிலயும் அப்படித்தான் வரும்."

ஸம்றா பேனையை வாங்கினாள். தன்னுடைய வீட்டின் பாதியை நன்றியுடன் ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.